பேனரில் அழித்த மச்சம்

பேத்திக்குக் காது குத்த திருப்போரூருக்குப் போன அன்று, மண்டபத்து வாசலில் ஒரு பிள்ளை பேனரில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. முகமே ஒரு முறம் அகலம். பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டி, பின்னால் எங்கிருந்தோ பிடித்து வந்த மயில். எழுத்துக்கூட்டிப் படித்தேன். காதணி விழா என்று போட்டு, கீழே பேத்தியின் பெயர். பெயர் சரி. பாவாடையும் சரி, நான் எடுத்துக் கொடுத்ததுதான். முகம் மட்டும் யார் வீட்டுப் பிள்ளையுடையதோ.

என் பேத்திக்குப் பிறக்கும்போதே முகத்தில் ஒரு பக்கம் சிவப்பு மச்சம். நெற்றியில் தொடங்கி, கண்ணைச் சுற்றிக்கொண்டு, கன்னம் முழுக்க இறங்கி வாயோரம் வந்து நிற்கும். அழுதால் இன்னும் சிவக்கும். டாக்டர் கண்ணை மட்டும் அடிக்கடி காட்டச் சொன்னார், காட்டுகிறோம். மற்றபடி பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. வியாதி முழுக்கப் பார்க்கிறவர்களுக்குத்தான்.

"வயித்துல இருக்கசொல்ல கிரகணத்துல வெளிய வந்துட்டியாம்மா?" என்று என் மகளைக் கேட்காத வாய் கேளம்பாக்கத்தில் இல்லை. ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்காருகிறவள்கூடக் கேட்பாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒருத்தியிடம், "கிரகணம்லாம் இல்லம்மா, மாசமா இருக்கசொல்ல காலைல எழுந்து உன்ன மாதிரி ஒரு மூஞ்சில முழிச்சுட்டா" என்றேன். திருப்போரூர் போகவேண்டியவள் தையூரிலேயே இறங்கிவிட்டாள்.

வெளி ஆள் என்றால் இப்படி ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அந்தப் பேனரை வைத்தவன் நான் பெற்றவன். பேத்தியின் தாய்மாமன். மனை விற்கிறான். பேனரின் அடியில் அவனும் இருந்தான், காதில் போனோடு. அவன் முகத்திலிருந்த அம்மைத் தழும்புகளும் போயிருந்தன. தலையில் முடி முளைத்திருந்தது.

பேத்தி என் புடவையை இழுத்தாள். "ஆயா, யாரு அது? என் பாவாடைய போட்டுகினு கீது?"

மகள் அதைக் கேட்டுவிட்டாள். வெள்ளைச் சட்டையில் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்த அண்ணனிடம் நேராகப் போனாள்.

"அண்ணாத்த, எம் பொண்ணு மூஞ்சி எங்க?"

"கடக்காரன் லைட்டா டச்சப் பண்ணிட்டாம்மா. நல்லாத்தான கீது?"

"அவனா பண்ணானா, நீ சொல்லிப் பண்ணானா?"

"நான்தான் சொன்னேன். நாலு பேரு வர்ற எடம். புள்ளைய எவனும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னுதான். எனுக்கு மட்டும் பாசம் இல்லியா?"

நான் சும்மா இருப்பேனா? "ஏண்டா நைனா, திருவிடந்தைல முட்டிக்கால் தண்ணி நிக்கிற எடத்துல பார்க்கும் பீச்சும் போட்டு பேனர் அடிக்கிறவன்தான நீ? புள்ள மூஞ்சியும் உனக்கு மனையா பூடுச்சா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

"கயட்டு அத."

"எல்லாரும் வந்துகினு கீறாங்க, இப்பப் போயி பேஜாரு பண்ணாத. சாயங்காலம் கயட்டிடறேன்."

"அப்ப எம் பொண்ணு உன் மடில உக்கார மாட்டா."

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளைக்குக் காது குத்துவோம். மாமன் மடி இல்லையென்றால் ஆசாரி ஊசியை எடுக்கமாட்டார். அவன் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கியதே அந்த மடிக்காகத்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. எனக்கு இரக்கம் வரவில்லை. கெட்டவன் செய்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இவன் பாசத்தில் செய்திருக்கிறான், எதைக் கழற்றுவது?

மகள் உள்ளே போனாள். சீர்த்தட்டில் இருந்த குங்குமத்தை எடுத்து, விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றி உள்ளங்கையில் குழைத்துக்கொண்டே வந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை பேனருக்குக் கீழே இழுத்துப் போட்டு, பட்டுப்புடவையோடு ஏறி நின்றாள்.

நெற்றியில் தொடங்கினாள். திரும்பிப் பிள்ளையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண்ணைச் சுற்றி வந்தவள், இமையோரம் ஓர் அரிசி அளவுக்கு இடம் விட்டாள். அங்கே மச்சம் இல்லை. அவ்வளவு நாள் குளிப்பாட்டியும் நான் அதைக் கவனித்ததில்லை. தினமும் எண்ணெய் தடவிய அவள் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. கோபமெல்லாம் அப்பிய வேகத்தில்தான் தெரிந்தது. மயில் மேலெல்லாம் குங்குமம் தெறித்தது.

"எறங்கும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் ஒரு பெரியவர்.

"பாக்கட்டும். பாக்கத்தான பேனரு?"

அப்போது நாற்காலி ஆடியது. என் மகன் ஓடிவந்தான். அவளைக் கீழே இழுக்கத்தான் வருகிறான் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டேன். அவன் குனிந்து நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ம்மா," என்றாள் பேத்தி. "காதாண்ட ஒரு குட்டி கீதே, அத வுட்டுட்ட."

அந்த ஓரம் வரை மகளுக்குக் கை எட்டவில்லை. இறங்கி, குங்குமம் இருந்த கையை அண்ணன் முன்னால் நீட்டினாள். "உனுக்கு எட்டும். நீயே வையி."

அவன் விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு பேனரைப் பார்த்து நின்றான். எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"அதப் பாத்தா எப்பிடித் தெரியும்? புள்ளையப் பாரு. இத்தினி வருஷமா எங்க பாத்த நீ?" என்றாள் மகள்.

அவன் பேத்தியின் பக்கம் குனிந்து நெடுநேரம் பார்த்தான். பிறகு நாற்காலியில் ஏறி, காதுப்பக்கம் ஒரு பொட்டு வைத்தான்.

"இன்னும் கீய, மாமா" என்றாள் பேத்தி. கொஞ்சம் கீழே வைத்தான்.

அப்புறம்தான் அவள் அவன் மடியில் உட்கார்ந்தாள். மகள் அன்று பந்தியில்கூட அவன் பக்கத்தில் உட்காரவில்லை. ஆசாரி ஊசியைப் போட்டதும் பேத்தி மண்டபம் அதிர அழுதாள். மச்சம் பழுத்துச் சிவந்தது. போட்டோக்காரர் கேமராவை இறக்கி, "அழுக நிக்கட்டும், அப்பால எடுத்துக்கலாம்" என்றார்.

"இப்பவே எடு," என்றாள் என் மகள். "எடுத்துட்டு, எதுலயும் கை வெக்காத."