பாதியில் நின்ற தந்தி

செஞ்சி தபால் ஆபீஸில் நான் தந்தி குமாஸ்தாவாக இருந்தபோது, சோதனைக்காக என்று சொல்லி ஒரு டெலிபிரின்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவரைக்கும் தந்திக் கருவியின் 'கட்டுக்கடா' சத்தத்தைக் காதில் வாங்கி, கையால் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த மெஷின் தானாக டைப் அடிக்கும். விழுப்புரத்திலிருந்து வந்த மெக்கானிக் என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். மெஷினைப் பொருத்தி முடித்துவிட்டுச் சொன்னார்:

"விழுப்புரத்துல செய்தியக் காகித நாடாவுல ஓட்டை ஓட்டையா குத்துவோம். ரெண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி மாட்டிட்டா, அது பாட்டுக்கு சுத்தி சுத்தி அனுப்பும். இங்க முழுசா வந்துச்சுன்னா உங்க மெஷின் தானா பதில் குடுக்கும். பதில் வந்தாத்தான் வளையம் நிக்கும். நடுவுல ஒரு நொடி தொடர்பு அறுந்தாலும் அந்தச் சுத்து கணக்குல இல்ல."

"அப்ப பாதி பாதியா நெறைய வருமே?"

"வரும். அதுக்குத்தான் ஆரம்பத்துல ஒரு குறி, முடிவுல ஒரு குறி. ரெண்டும் ஒரே தாள்ல இருந்தா தந்தி. இல்லன்னா அது வெறும் காகிதம்மா. யார் கையிலயும் குடுத்துடாதீங்க."

மறுநாள் காலை ஆபீஸைத் திறந்தபோது, பூட்டிக் கிடந்த அறையில் மெஷினிலிருந்து ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. திண்டிவனத்து வியாபாரி ஒருவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைக்கு விலை சொல்லி அடித்த தந்தி. வேறொன்றுமில்லை. ஆனால் ஆளில்லாத அறைக்குள் அது வந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது. போஸ்ட் மாஸ்டர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் என்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்த வருஷங்களில் ரங்கூனிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிங்கவரத்திலிருந்து ஒரு விவசாயி தினமும் சைக்கிளில் வந்து ஜன்னலோரம் நிற்பார். அவருடைய தங்கை, தங்கை புருஷன், இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார் எல்லோரும் கப்பல் ஏறிவிட்டதாகக் கடிதம் வந்திருந்ததாம். மெட்ராசில் இறங்கியதும் தந்தி அடிப்பதாக எழுதியிருந்தார்களாம்.

அன்று மத்தியானம் ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சி மழையில் மறைந்துவிட்டது. போஸ்ட் மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். மெஷின் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. சிங்கவரத்து முகவரி. தந்தி இங்கிலீஷில்தான் வரும். 'எல்லோரும் மெட்ராஸ் வந்து சேர்ந்தோம், நலம்' என்று அடித்தது, அடுத்து 'தவிர' என்ற சொல்லை அடித்தது, அதோடு நின்றுவிட்டது. இங்கிலீஷில் 'தவிர' முன்னால் வந்துவிடும். யார் தவிர, எது தவிர என்பது அதற்குப் பிறகுதான்.

மழையில் எங்கோ கம்பித் தொடர்பு அறுந்திருந்தது. தாளைக் கிழித்துத் தனிக் கூடையில் போட்டேன்.

சிங்கவரத்துக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எனுக்காம்மா? இன்னா வந்துச்சு?"

"உங்களுக்குத்தாண்ணே. இன்னும் முழுசா வரல."

"வந்த வரைக்கும் சொல்லேன்."

"பாதிய சொல்லக்கூடாதுண்ணே. கொஞ்சம் பொறுங்க."

"நல்லதா கெட்டதா, அதையாச்சும் சொல்லும்மா."

எனக்கே தெரியாதே, எதைச் சொல்ல? அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் அது மறுபடி உயிர்பெற்றது. ஆனால் நடுவிலிருந்து. 'ரங்கூனில் விட்டாயிற்று' என்று அடித்து, முடிவுக்குறியையும் போட்டது. ஆரம்பக்குறி இல்லை. கூடையில் கிடந்த தாளோடு இதைச் சேர்த்துப் படித்தால்? எல்லோரும் வந்துவிட்டார்கள், யாரோ ஒருவரைத் தவிர. யாரையோ ரங்கூனில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மாமியாரையா? பிள்ளையையா? அவர் என் முகத்தைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. படியில் போய் மழைச் சாரலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒட்டிப் படித்து ஏதாவது சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. மெக்கானிக் சொன்னதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது தாளும் கூடைக்குப் போனது.

மழை கொஞ்சம் விட்டது. மெஷின் ஒருமுறை இருமியதுபோல அசைந்து, ஆரம்பக்குறியிலிருந்து அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது. எல்லோரும் மெட்ராஸ் வந்து சேர்ந்தோம், நலம். தவிர. அடுத்த சொல் விழுவதற்குள் தாளின் மேல் குனிந்துவிட்டேன். 'டிரங்குப் பெட்டி.' ரங்கூனில் விடப்பட்டது பெட்டி!

முடிவுக்குறி விழுந்தது. நான் எதையும் தொடவில்லை. என் கண்ணெதிரே மெஷின் தானாக நாலைந்து எழுத்தைத் தட்டிப் பதில் அனுப்பியது. அப்புறம் நிசப்தம். விழுப்புரத்தில் வளையம் நின்றுவிட்டது என்று புரிந்தது. அங்கே இருந்த குமாஸ்தாவும் அந்நேரம் சாப்பிடத்தான் போயிருந்தாராம், பிறகு சொன்னார்கள். மழைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு இரும்புகள் தமக்குள் பேசி, 'முழுசா வந்துச்சா?', 'வந்துச்சு' என்று முடித்துக்கொண்டன. நான் எழுந்து நின்றுவிட்டேன். கோயிலில் மணியடிக்கும்போது எழுந்து நிற்போமே, அப்படி.

தாளைக் கிழித்து நானே படிக்கு எடுத்துப்போய் வாய்விட்டுப் படித்துச் சொன்னேன்.

"பொட்டியா?" என்றார். "பொட்டி மட்டும்தானா?"

"பொட்டி மட்டும்தாண்ணே."

"அது போனா மயிராச்சு!" என்று கத்தினார். உடனே, "மன்னிச்சுக்கம்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளேயே அழுதார்.

அடுத்த வாரம் தங்கை குடும்பத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர், நேரே ஆபீஸுக்குத்தான் அழைத்துவந்தார். "இதான், இதான்" என்று ஜன்னல் வழியாக மெஷினைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து யாருக்கோ ஒரு தந்தி வந்தது. கடகடவென்ற சத்தத்தில் சின்னப் பெண் பயந்து, அம்மா புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பர்மா பாஷையில் ஏதோ கேட்டாள்.

தாய் சிரித்தாள். "உள்ள யாரு ஒளிஞ்சிருக்காங்கன்னு கேக்குது."

நான் மெஷினின் மூடியைத் தூக்கி, குழந்தையைக் கிட்டே வரச் சொன்னேன்.