மிக்சி சத்தத்தில் செய்த ஜெபம்

இதை வாசித்துவிட்டு யார் யார் எங்கே போய் என்ன பேசுவீர்களோ என்ற சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

போன வருடம் மழைக்காலத்தில், குளிக்கும்போது என் மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. கணவர் இறந்த பிறகு எனக்கு மகள் ரேவதி மட்டும்தான். அவளுக்குப் பூந்தமல்லியில் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்த நேரம். பெண்ணின் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே சபை ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால்?

ஜெபக்குழுவிலும் சொல்லவில்லை. அங்கே ஒரு சகோதரி, மகன் குடிக்கிறான் என்று அழுது ஜெபிக்கச் சொன்னார். மறுநாளே எங்கள் மேனாம்பேட்டுக் காய்கறிக்காரர் அவரிடம், "இன்னாம்மா, பையன் நிறுத்திட்டானா?" என்று கேட்டாராம். எல்லோரும் கண்ணை மூடித்தானே இருந்தோம்? யார் சொன்னது என்று தெரியாது. குழுவிலேயே ஒருவர் மேல் சந்தேகம் உண்டு.

நான் விசுவாசத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான். ஜெபிக்கவே சரியாகத் தெரியாது. போதகரம்மாவைக் கேட்டேன். "தனியா கதவைச் சாத்திக்கிட்டு, மனசுல இருக்கிறத அப்பாகிட்ட சொல்லுங்க சிஸ்டர்" என்றார். எங்கள் போர்ஷனில் சமையலறைக்குக் கதவே கிடையாது. பக்கத்து போர்ஷனில் கனகா அக்கா தும்மினால் எங்களுக்குக் கேட்கும். அதனால் வெறும் மிக்சியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் ஜெபித்தேன். அதிலும் பயம். "ஆண்டவரே, அந்தக் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும்" என்பேன். கட்டி என்ற வார்த்தையை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் கனகா அக்கா வாசலில் மடக்கினார். "தெனம் மிக்சி ஓடுது, கொயம்பு வாசனையே காணோமே விஜயா. அப்டி இன்னாத்த அரைக்கிற?" வேவு பார்க்கிறார் என்று நினைத்து, பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

கட்டி பெரிதானது போலத் தோன்றிய ஒரு மதியம், மிக்சியைப் போட்டுவிட்டு என்னை மறந்து கத்தினேன். "அப்பா, என் மார்ல கட்டி இருக்கு. சாவப் பயமா இருக்கு. யாரையாவது அனுப்புங்க." பாதியிலேயே கரண்ட் போய்விட்டது. மிக்சி நின்றது. என் குரல் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். கனகா அக்கா புடவை மாற்றிக்கொண்டு, கையில் பையோடு நின்றார்.

"செருப்ப மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"எனுக்கு வேற வேல இல்ல பாரு. வா."

வழியெல்லாம் ஆட்டோக்காரர் ஒட்டுக் கேட்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெட்ட கட்டிதான். ஆனால் ஆரம்பம், நல்லவேளை வந்தீர்கள் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை நடந்தது. இன்று சுகமாக இருக்கிறேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கனகா அக்கா தெருவில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, விசாரித்துப் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். "கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வச்சிக்கலாம் சம்பந்தி. நீங்க மொதல்ல தேறி வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

யாரையாவது அனுப்பச் சொன்னேன். நான் யாரைச் சந்தேகப்பட்டேனோ, சபைப் பக்கமே வராத அவரையே அனுப்பினார். பிரியமானவர்களே, மனிதரை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆண்டவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மிக்சி சட்னிக்கு மட்டும்தான் ஓடுகிறது. ஜெபத்தில் என் குரல் கொஞ்சம் தாழ்ந்தால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனகா அக்கா கேட்கிறார்: "இன்னா விஜயா, இன்னிக்கு எம் புள்ள பேர வுட்டுட்ட?"