'எச்' இல்லாத வோட்டுகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் டோர்செட் பார்க் என்ற இடத்தில் பல மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தோம். பகலில் எனக்குக் கோப்பிக் கடையில் வேலை, பின்னேரம் அமெரிக்க வரலாற்று வகுப்பு. கனடாவுக்கு வந்தவளுக்கு அமெரிக்காவின் வரலாறு எதற்கு என்று அம்மா கேட்டார். அந்த நேரத்தில் அந்த வகுப்பில்தான் இடம் இருந்தது. அதை வெளியே சொல்வேனா? பெரிய ஆராய்ச்சிக்காரி மாதிரி, புத்தகம் எல்லோருக்கும் தெரியும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிந்தேன்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறை சும்மா பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டுக் கட்டட மனேஜரோடு பேச, தமிழர்கள் எல்லோரும் கூடி ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்வதாக முடிவாயிற்று. போட்டிக்கு நின்றவர்கள் இருவர். ஒருவர் கணக்காளர், அறை எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு வேண்டும் என்றார். மற்றவர் எங்கள் மாடியில் இருந்த அன்ரி. தாய்மார் வேலையால் வரும்வரை அவர்களின் பிள்ளைகளைத் தன்னுடைய சின்ன வீட்டில் வைத்துப் பார்ப்பவர். அந்தப் பிள்ளைகள் ஓடியாடவும் படிக்கவும் அறை வேண்டும் என்றார்.

வாக்குச்சீட்டு அச்சடிக்கவில்லை. வெறும் கடதாசித் துண்டில் பெயரை எழுதிப் போட வேண்டும். மனேஜர் கேட்டால் காட்ட வசதியாக, ஆங்கிலத்தில். கணக்காளரின் பெயர் கைக்கடக்கமானது. அன்ரியின் பெயர் நீளம். அறிவித்தல் பலகையில் அதன் நடுவில் ஒரு 'எச்' இருந்தது. எண்ணும்போது பார்த்தால், அவருக்கு விழுந்தவற்றில் பாதிக்கு மேல் 'எச்' இல்லை.

"உதுகளை என்ன செய்யிறது?" என்றார் தேர்தலை நடத்திய செயலாளர் அண்ணை.

எண்ண உதவிக்கென்று கூப்பிட்டிருந்த என்னை எல்லோரும் பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். முந்திய நாள் வகுப்பில் படித்தது நாக்கு நுனியில் நின்றது.

"அமெரிக்கா சுதந்திரமடைஞ்ச புதிசிலை ஒரு மாநிலத்திலை கவர்னர் எலெக்சன் நடந்தது அண்ணை. அங்கையும் சனம் பேரை எழுதித்தான் போட்டது. ஒருத்தருக்கு விழுந்த எழுத்துப் பிழைச்ச வோட்டுகளைச் செல்லாதெண்டு சட்டசபைக் கமிட்டி தள்ளிப்போட்டுது."

"கவர்னருக்கே அப்பிடியெண்டால் பிறகென்ன!" என்றார் அவர். அவர் கணக்காளரின் சகலன் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அன்ரி தோற்றுப்போனார்.

அடுத்த கிழமை வகுப்பில் புத்தகத்தின் மறுபக்கத்தைத் திருப்பினேன். அந்த மாநிலத்துச் சனம் கொதித்துப்போனதாம். கமிட்டி கடைசியில் பின்வாங்கியது. தள்ளிய வோட்டுகளையும் சேர்த்து எண்ண, கூடுதலாக எடுத்திருந்த அந்த மனிதரே கவர்னரானார். நான் பாதிக் கதையை வைத்து ஒரு தேர்தலையே முடித்திருந்தேன். உடனே போய் மீதியையும் சொல்லியிருக்க வேண்டும். கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடும் என்று பயந்து பேசாமல் இருந்தேன். அதை நினைக்க இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கீழறையில் சங்கத்தார் காட்ஸ் விளையாடினார்கள். அன்ரியின் வீட்டில் சத்தம் கூடிப்போச்சு என்று கீழ்வீட்டார் முறையிட்டதால், அந்த மாரி முழுக்கப் பிள்ளைகள் குளிர்ச்சட்டையோடு படிக்கட்டில் இருந்து வீட்டுப்பாடம் செய்தார்கள். இரண்டாம் மாடிக்காரியான நான் லிப்டில் போய்வரப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் அதே லிப்டில் அன்ரி ஏறினார். தப்ப வழியில்லை. "அன்ரி, அந்த வோட்டு விசயம்..." என்று தொடங்கினேன்.

"அதை விடு பிள்ளை. நீ படிச்ச பிள்ளை, தெரிஞ்சதைத்தானே சொன்னனீ," என்று சிரித்தார். "பலகையிலை செயலாளர் தம்பிதான் வடிவுக்கு ஒரு எச் போட்டவர். வந்திறங்கின அண்டு எயார்போட்டிலை என்ர பேரை எச் இல்லாமல்தான் எழுதித் தந்தவங்கள். அண்டையிலயிருந்து நானும் அப்பிடித்தான் எழுதிறன். என்ர வோட்டும் செல்லாமல்தான் போச்சுது."

லிப்ட் எங்கள் மாடியில் நின்றது. இறங்கப் போனவர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அமெரிக்காவிலை வோட்டைத் தள்ளிப்போட்டாங்கள் எண்டு சொன்னியே, அந்த மனுசன் பிறகு என்ன ஆனவராம்?"

"தெரியாது அன்ரி," என்றேன்.