என் தேத்தண்ணியைக் குடித்தவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று எவராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். மெல்பேர்னில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இரவு வேலை என்றால் பிணவறையைத் தாண்டித்தான் எங்கள் பகுதிக்குப் போகவேண்டும், அங்கே யாரோ தள்ளுவண்டி உருட்டுகிற சத்தம் கேட்கிறது என்று நர்ஸ்மார் சொல்வார்கள், எனக்குக் கேட்டதெல்லாம் கோப்பி மெஷின் பழுதாகி முனகுகிற சத்தம்தான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் என் மச்சானோடு போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், அவரும் நம்பவில்லை.

மச்சான் என்றால் என் மனைவி ஸ்டெல்லாவின் தமையன், பீற்றர். ட்ருகனினாவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். யாழ்ப்பாணக் கரையோரத்து ஆட்களுக்குக் காலையில் பூசை, பின்னேரம் உதைபந்தாட்டம், இரண்டில் ஒன்றைத் தவறவிடத்தான் வேண்டுமென்றால் பூசையைத் தவறவிடுவார்கள். பீற்றர் அந்த வகை. நம் பெடியன்களைச் சேர்த்து ஒரு கழகம் நடத்துகிறார், தலைவரும் அவர்தான், பயிற்சியாளரும் அவர்தான், முன்னணியில் விளையாடுவது அவருடைய மகன் டிலான். ஆகக் கீழே இருக்கிற பிரிவில் விளையாடுகிற கழகம். ஆனாலும் இந்த நாட்டில் ஒரு கிண்ணப் போட்டி இருக்கிறது, அதில் எங்களைப் போன்றவர்களும் பெயர் கொடுக்கலாம், தொடர்ந்து வென்றுகொண்டு போனால் சம்பளத்துக்கு விளையாடுகிற பெரிய கழகம் ஒன்றோடு மோதலாம். பீற்றருக்கு அதுதான் வாழ்க்கை. இன்னும் ஒரேயொரு ஆட்டம் வென்றால் அந்த வாய்ப்பு என்ற நிலையில், பலரட் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போய் விளையாடவேண்டி வந்தது.

அன்று சனிக்கிழமை. எனக்கு நித்திரை கொள்ளக் கிடைத்த ஒரே நாள்.

"அண்ணை கேட்டவர், போகாட்டிக் குறை நினைப்பார்" என்றாள் ஸ்டெல்லா.

"நான் வந்து என்ன செய்யிறது? பந்தைப் பாத்துக்கொண்டு நிக்கவோ?"

"ஓம், அதுக்குத்தானே எல்லாரும் போறது."

போனோம். வழி முழுக்கப் பனிமூட்டம். மத்தியானமாகியும் அது கலையவில்லை. மைதானத்தின் ஒரு பக்கம் கம்பித் தடுப்பு, கன்ரீன், கார்கள், ஊர்ச் சனம், எங்கள் சனம் எல்லாம். மற்றப் பக்கம் யூகலிப்டஸ் மரங்களும் ஒரு கழிவறையும் தவிர ஒன்றுமில்லை. கார்ப் பக்கத்தில் நின்றால் மரப் பக்கம் தெரியாது, அவ்வளவு மூட்டம். இப்படியான நேரத்தில் விளையாடுகிறவர்களுக்கு அறிவில்லை என்றால் பார்க்க வருகிறவர்களுக்கு அதைவிட அறிவில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நடுவர் வந்து, தனக்குத் துணையாக வரவேண்டிய லைன்ஸ்மன்மார் இருவரும் பனியில் எங்கோ வழியில் நிற்கிறார்கள், கழகத்துக்கு ஓர் ஆளைக் கொடுங்கள் என்றார். சின்னக் கழகங்களின் ஆட்டத்தில் இது வழமைதான், பார்க்க வந்தவன் எவனாவது கையில் கொடியோடு கோட்டோரம் ஓடவேண்டியதுதான். பீற்றர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மச்சான், நீர் சும்மாதானே நிக்கிறீர். பிடியும்."

பந்து வர முதலே எதிராளிகளைத் தாண்டி முன்னால் நின்றால் ஓஃப்சைட், அதற்குக் கொடி தூக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்கு முன்னால் நடந்தால் தெரியாது. அதைச் சொல்லியும் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. மரப் பக்கக் கோடு உனக்கு, கார்ப் பக்கத்தை இந்த ஊர்க் கழகத்து ஆள் பார்த்துக்கொள்வான் என்று நடுவர் சொன்னார். ஸ்டெல்லா மட்டும், "இடைவேளைக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து தாறன், ஓடித் திரியாமல் நில்லுங்கோ" என்றாள்.

முதல் பாதி முழுக்க அந்த மரங்களுக்குக் கீழே விறைத்துக்கொண்டு ஓடினேன். எதிர்க் கோட்டில் ஓர் உருவம் கொடியோடு ஓடுவது மூட்டத்துக்குள்ளால் இடைக்கிடை தெரிந்தது. ஊர்க்காரன் நன்றாக ஓடுகிறான், பழக்கப்பட்டவன் போல என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. ஆளுக்கொரு கோல். இடைவேளை வந்தது. நின்றேன். தேத்தண்ணி வரவில்லை. ரோல்ஸ் வரவில்லை. மனிசி வரவில்லை. கடைசியில் கழிவறைக்குப் போய் வெந்நீர்க் குழாயில் கையைச் சூடாக்கலாம் என்று பார்த்தால் அதிலும் பச்சைத்தண்ணி. வெளியே வர ஆட்டம் தொடங்கிவிட்டது. அன்றைக்கு ஸ்டெல்லாவை மனதுக்குள் என்னவெல்லாம் பேசினேன் என்பதை எழுத முடியாது.

இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் அடிக்கிற கோல் கம்பம் அந்த மற்ற லைன்ஸ்மனின் பாதியில் இருந்தது. நான் மறு அந்தத்தில், ஒன்றுமே தெரியாத இடத்தில் நிற்கிறேன். ஆட்டம் முடிகிற நேரம், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஆரவாரம், டிலான், டிலான் என்று. அப்பாடா, வென்றோம், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்து முடிக்கவில்லை, சத்தம் நின்றுவிட்டது. பிறகு மூட்டத்துக்குள்ளால் பீற்றரின் குரல்.

"அருள்! கொடியைக் கீழ போடும்! உமக்கென்ன விசரோ?"

நான் என் கொடியைப் பார்த்தேன். அது என் காலடியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

கோல் செல்லாது என்றாகி, பெனால்ரிக்குப் போய், தோற்றோம். நான் மைதானத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனபோது எங்கள் சனம் முழுக்க என்னை அடிக்காத குறை. சொந்த மருமகன் அடித்த கோலுக்குக் கொடி தூக்கின மனிதன் உலகத்தில் நீர் ஒருத்தர்தான் என்றார் பீற்றர். நான் அங்கே, மரப் பக்கம் நின்றேன், இங்கே நின்றது இந்த ஊர் ஆள் என்று சொன்னேன். கன்ரீனில் கிழங்கு பொரித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரன் எட்டிப் பார்த்து, பீற்றரிடம், லைன்ஸ்மனாக நிற்க வேண்டியவன் தான்தான், ஆனால் கொடி எடுக்க வந்தபோது உன் ஆள் ஏற்கனவே கொடியோடு நிற்கிறான், சரி என்று நான் திரும்பி வந்துவிட்டேன் என்றான். உன் ஆள் என்று சொல்லும்போது என்னையே கையால் காட்டினான்.

ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"எங்க என்ர தேத்தண்ணி?"

"என்ன விளையாடுறியளோ? இதிலதானே நிண்டு குடிச்சனீங்கள்."

"நானோ?"

"ரெண்டு ரோல்ஸும் திண்டனீங்கள். தொப்பியும் நான்தானே போட்டுவிட்டனான். காது ஐஸ் மாதிரிக் கிடந்தது, பாவம் எண்டு இழுத்துவிட்டனான்." பிறகு என் தலையைப் பார்த்தாள். "தொப்பி எங்க?"

அவள் எனக்கென்று வாங்கி வைத்திருந்த கடும் சிவப்புக் கம்பளித் தொப்பி, மேலே மஞ்சள் குஞ்சம். நான் அதைக் கண்ணாலும் காணவில்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி தந்ததுக்கு தாங்ஸ் எண்டும் சொன்னீங்கள். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில இண்டைக்குத்தான்" என்றாள். அதில் எனக்குப் பாதிக் கோபம், மீதி என்னவென்று தெரியவில்லை.

இதற்கு ஒரு முடிவு காணலாம் என்று கொடியைக் கொடுக்கிற சாட்டில் நடுவரிடம் ஓடினேன். அவர் காரில் பையை வைத்துக்கொண்டிருந்தார். இனிச் சொல்வதை நான் மாதாவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அவர் என் கொடியை வாங்கிக்கொண்டு, நீயும் உன் சகோதரனும் நன்றாகச் செய்தீர்கள், அவன் தன்னுடைய கொடியைத் தந்துவிட்டுப் போய்விட்டான், அச்சாக உன்னைப் போலவே இருக்கிறானே என்றார். எனக்குச் சகோதரன் கிடையாது. மூன்று அக்காமார்தான், மூவரும் கனடாவில். பீற்றரை இழுத்துவர ஓடினேன், அவர் வரமாட்டேன் என்று நின்றார், கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தால் நடுவரின் கார் வாசலால் வெளியே போகிறது. இப்படித்தான் என் அதிர்ஷ்டம்.

திரும்பி வரும்போது வாகனத்துக்குள் எல்லோரும் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். டிலான் மட்டும், "இட்ஸ் ஓகே மாமா" என்றுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவன் அப்படிச் சொன்னது திட்டியதைவிடக் கேவலமாக இருந்தது.

அடுத்த நாள் பீற்றர் வீட்டுக்கு வந்து, யாரோ போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். எங்கள் கழக ஜக்கெற் போட்ட ஒருவன், தலையில் சிவப்புத் தொப்பி, கொடி நேரே மேலே. முதுகு மட்டும்தான் தெரிகிறது. "இது ஆர், உம்மட ஆவியோ?" என்றார். நான் என் முதுகை எங்கே கண்டேன், ஆமென்பதற்கும் இல்லையென்பதற்கும். ஆனால் நடக்கிற நடை என்னுடையதுதான், வலது தோள் கொஞ்சம் தாழ்ந்து, எக்ஸ்ரே அறையில் பாரமான ஈய உடுப்பை வருடக்கணக்காகச் சுமந்த தோள்.

இன்னொன்றும் அதில் தெரிந்தது. டிலான் உண்மையிலேயே ஓஃப்சைட். கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே முன்னால் நிற்கிறான். அவன், அந்த மற்றவன், சரியாகத்தான் பிடித்திருக்கிறான். எனக்கு ஆகப் பெரிய எரிச்சல் அதுதான். நானாக இருந்தால் தூக்கியிருக்க மாட்டேன். கண்டிருந்தாலும் காணாத மாதிரி நின்றிருப்பேன், எதற்கு வீண் வம்பு, மச்சானின் முகத்தில் முழிக்கவேண்டுமே என்று.

அதை நான் ஸ்டெல்லாவுக்குச் சொல்ல வாயெடுக்க முதலே அவள் தமையனிடம் கதைத்துவிட்டாள். சாதாரணமாக அண்ணைக்கு எதிராக ஒரு சொல் சொல்லாதவள்.

"அவர் செய்ததில என்ன பிழை, அண்ணை? சொந்தம் எண்டு பாக்காமல் உள்ளதைச் சொன்னவர். உங்களுக்கு அந்தத் துணிவு இருக்கோ?"

பீற்றர் எழும்பிப் போனார். அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நாங்களும் போகவில்லை. கூடப்பிறந்த தமையனோடு அவள் எனக்காகக் கதையில்லாமல் இருந்தாள். எனக்காக என்றா சொன்னேன்? ஒரு நாள் பொறுக்க முடியாமல், அது நானில்லை, சத்தியமாக நானில்லை என்று மறுபடி சொன்னேன். "நல்லது செய்துபோட்டும் ஏன் இப்பிடி ஒளிக்கிறியள்?" என்று என் கன்னத்தைத் தடவினாள். செய்யாததற்குத் திட்டு வாங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், செய்யாததற்கு மனைவி மதிப்புத் தந்தால் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அவள் தேத்தண்ணி தரும்போதெல்லாம் தாங்ஸ் சொல்லப் பழகினேன். ஒவ்வொரு முறையும் இன்னொருத்தனைப் பார்த்து நடிக்கிற மாதிரித்தான் இருந்தது.

அடுத்த வருடம் பாதிரியார் தலையிட்டு இரண்டு குடும்பத்தையும் சேர்த்து வைத்தார். பிறகென்ன, மறுபடி கிண்ணப் போட்டி, மறுபடி தூரத்து ஊர், ஜீலோங் பக்கம், கடலிலிருந்து வந்த மூட்டம். லைன்ஸ்மனுக்கு ஆள் கேட்டபோது பீற்றர் என்னைத் தவிர எல்லோரையும் பார்த்தார். நான் நிம்மதியாக ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில், மடக்குக் கதிரையில், கால்மேல் கம்பளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று முழுக்க அந்த இடத்தைவிட்டு நான் அசையவில்லை. அதற்கு ஸ்டெல்லாவே சாட்சி.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே எதிர்க் கோட்டைப் பார்த்தவள் அப்படியே எழும்பினாள். நானும் பார்த்தேன். மூட்டத்துக்குள்ளே ஒருவன் கொடியோடு நிற்கிறான், வலது தோள் தாழ்ந்திருக்கிறது, சிவப்புத் தொப்பி, மஞ்சள் குஞ்சம். ஒரு வருடமாக இந்தத் தருணத்துக்காகக் காத்திருந்தவன் நான், பார்த்தாயா, அன்றைக்கே சொன்னேனே என்று கேட்க வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது. நழுவின கம்பளியைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அங்கே பார்த்தாள். பிறகு மறுபடி என்னை. மூட்டம் மூடியது, அவனைக் காணவில்லை, அவள் மெல்ல உட்கார்ந்தாள். அந்தத் தேத்தண்ணியை அவள் எனக்குத் தரவில்லை. தானும் குடிக்கவில்லை. ஆட்டம் முடியுமட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறவிட்டுக்கொண்டு, எதிர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை யாருக்கு ஊற்றினாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.