ஷேக் மைதீனின் மேலேறிய இரைப்பை

கள்ளக்குறிச்சியில் கல்வராயன் மலைப் புளிக்கு மண்டி வைத்திருக்கும் என் சிறிய தந்தை ஷேக் மைதீன், பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுவோரை நம்பியதில்லை. "கடைத்தெருவுல ஓடுறப்ப வலிக்காத முட்டி, இங்க மட்டும் இன்னாத்துக்கு வலிக்குது?" என்று அவர்கள் காதுபடவே கேட்பார். சென்ற ஆண்டு நோன்புக்குச் சற்று முன்பு, நெற்றி நிலத்தில் படக் குனியும்போதெல்லாம் அவருக்கே நெஞ்சு எரிந்து, புளித்த நீர் தொண்டைக்கு ஏறத் தொடங்கியது. நோன்பு மாத இரவுத் தொழுகை நீண்டது. நாற்காலி கேட்க நேருமோ என்பது அவருடைய கவலை. மாரடைப்பாக இருக்குமோ என்பது அவருடைய மனைவி ஷர்புன்னிசாவின் கவலை.

இ.சி.ஜி. பழுதின்றி இருந்தது. டாக்டர் எழில்மதி எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து, ஹெர்னியா என்றார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் புகும் துளை தளர்ந்து, இரைப்பையின் மேற்பகுதி அதன் வழியே நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது என்று விளக்கவும் செய்தார். ஹெர்னியா என்ற சொல்லுக்குப் பின் சிறிய தந்தை எதையும் காதில் வாங்கவில்லை. அவருடைய தந்தைக்கும் அடிவயிற்றில் ஹெர்னியா இருந்தது. பெல்ட் போட்டே காலம் தள்ளினார். ஆகவே இவரும், வியாபாரிகள் கைலிமேல் கட்டும் அகலப் பச்சை பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டார். மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கினார். எரிச்சல் கூடியது.

மறுமுறை சென்றபோது டாக்டர் பெல்ட்டைப் பார்த்தார்.

"இன்னா பாய், மூட்டை கட்டுற மாதிரி கட்டிக்கினு வந்திருக்கீங்க?"

"ஹெர்னியாவாச்சேம்மா. இறுக்குனாதான் உள்ள நிக்கும். எங்க அத்தாவுக்கு நின்னுச்சே."

"அவருக்குக் கீழ எறங்குச்சு. உங்களுக்கு மேல ஏறுது. நீங்களே கீழேர்ந்து அமுக்கி ஏத்தி வுட்டுக்கினு இருக்கீங்க."

"நீங்க சொல்லித்தான் இறுக்குறாருன்னு நெனைச்சுக்கினு, பின்னால நின்னு இழுத்துக் கட்டுனதே நான்தான்," என்றார் ஷர்புன்னிசா.

பெல்ட் கழன்றது. சிறுகச் சிறுக உண்ணவும், உண்டவுடன் படுக்காதிருக்கவும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தவும் உத்தரவாயிற்று. மாத்திரை தொடர்ந்தது. அடங்காவிட்டால் இரைப்பையைக் கீழிழுத்துத் துளையைத் தைத்துச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு என்றார் டாக்டர். சிறிய தந்தை நோன்பு வைக்கலாம். ஆனால் திறக்கும்போது வயிற்றை நிரப்பக் கூடாது.

முதல் வாரம் வரிசையில் நின்றே தொழுதார். பிறகு ஒரு வியாபாரி வீட்டு நோன்பு திறப்பில், மரியாதை கருதி, பிரியாணியை இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். அன்று இரவுத் தொழுகையின் நடுவே வரிசையை விட்டு விலகி, ஒரு நாற்காலியில் போய் அமர்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த ரவூப், தொழுகை முடியும்வரை காத்திருந்து கேட்டார்:

"முட்டியா பாய்?"

"இல்ல. பிரியாணி."

மறுநாள் முதல் பேரீச்சம்பழமும் சிறிது கஞ்சியும் மட்டுமே. சோறு தொழுகைக்குப் பின், அதுவும் கொஞ்சம். உண்டபின் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தார். துணைக்கு ஷர்புன்னிசாவும் உட்கார வேண்டியதாயிற்று. பெருநாள்வரை வரிசையில் நின்றார். அறுவைச் சிகிச்சை இதுவரை தேவைப்படவில்லை.