அப்பா சொல்லாமல் விட்ட வரி

தம்பி இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தவன்மீது பைக் மோதிவிட்டது. ஓட்டிவந்தவன் காலாப்பட்டுப் பக்கம் படிக்கும் கல்லூரி மாணவன். ஓடிப்போகாமல் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். தெருக்காரர்கள் அவனைச் சுவரோரம் இழுத்துப்போட்டு அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா வந்தார்.

தான் இருந்த மில் மூடிய பிறகு அப்பா கேஸ் சிலிண்டர் வண்டியில் வேலை பார்த்தார். நிறைந்த சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். கோபமும் அதற்கேற்ற கனம்தான். ஒரு பையன் என் தலையில் பந்தை எறிந்ததற்கு, அவனுடைய அப்பாவின் சட்டையைப் பிடித்தவர். ஆகவே கூட்டம் அவருக்கு வழிவிட்டது. நானும் காத்திருந்தேன், கொஞ்சம் பெருமையோடுகூட.

அப்பா தம்பியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அந்த மாணவனை மறைத்துக்கொண்டு நின்றார். யாரோ ஓங்கிய அடி அப்பாவின் கன்னத்தில் விழுந்தது. அவர் கையைத் தூக்கவில்லை.

“உடுங்கப்பா. இவனும் ஒருத்தி பெத்த புள்ளதான்.”

போலீஸ் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

“ஒரு அறை அறையலியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?” என்று அடக்கம் முடிந்த அன்று அம்மா கேட்டார். அதன்பிறகு பல மாதங்கள் அப்பாவிடம் பேசவே இல்லை. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அப்பாவைப் புகழ்ந்தார். அது எங்களுக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அம்மா கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் சோறு வடித்தோம், துணி துவைத்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

நானும் அப்பாவும் மட்டும் ஞாயிறு பூசைக்குப் போவோம். கர்த்தர் கற்பித்த செபத்தை அப்பா எல்லாரோடும் சேர்ந்து சொல்லுவார். தீமை செய்தவர்களைப் பொறுத்து மன்னிக்கும் வரி வந்ததும் வாய் நின்றுவிடும். முன்பெஞ்சை இறுகப் பிடித்துக்கொள்வார். அந்த வரி கடந்த பிறகுதான் மறுபடி சேர்ந்துகொள்வார். வாராவாரம் இப்படித்தான்.

மன்னித்ததால்தானே அவனைக் காப்பாற்றினார், அப்படியானால் செபம்தான் மறந்துபோயிருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். ஒரு ஞாயிறு அந்த இடம் வந்ததும், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அவருக்கு எடுத்துக்கொடுத்தேன்.

அப்பா குனிந்து என்னைப் பார்த்தார்.

“தெரியும்மா,” என்றார்.

ஆனால் சொல்லவில்லை.