நாலாவது வடை

கியூபெக்கில், லாசால் என்ற இடத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்கு மாலை வேலை. கணவருக்குப் பகல் வேலை. மாடிப்படியில் பிள்ளையைக் கைமாற்றுகிற அந்த இரண்டு நிமிடம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

பகல் வேலைக்கு மாறவேண்டுமென்று மூன்று வருடம் காத்திருந்தேன். ஒருநாள் எங்கள் மேற்பார்வையாளரான கியூபெக் அம்மா என்னிடம் வந்தார். "பகலில் ஓர் இடம் இருக்கிறது. வேண்டுமா?"

கேட்டவுடன் பாய்ந்து பிடித்தால் பறக்காவெட்டி என்று நினைக்கமாட்டாரா? "பரவாயில்லை, வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டு, இன்னொரு தரம் கேட்கட்டும் என்று சிரித்தபடி நின்றேன். எங்கள் ஊரில் ஒரு தேத்தண்ணிக்கே மூன்று தரம் கேட்பார்கள். அந்த மனுசி தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் நின்றவளுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டார்! எனக்கு அழுகை வந்தது.

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "உமக்கென்ன விசரே? ஓம் எண்டு சொல்ல ஏலாதோ?"

"அவ இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்தானே?"

விடுவேனா? கேட்பது எப்படியென்று காட்டுகிறேன் என்று, மேற்பார்வையாளரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒரு தரம்தான் கேட்டேன், உடனே வருகிறேன் என்றார். கொஞ்சமும் கூச்சமில்லை.

வந்தவர் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றார். "அதெல்லாம் இல்லை, சாப்பிடுவீர்கள்" என்று மூன்றாவதை வைத்தேன். முகம் சிவக்கச் சாப்பிட்டார். பிறகு உள்ளங்கையால் தட்டை மூடிக்கொண்டார். விரல்களுக்கு அடியால் நாலாவதைச் செருகினேன்.

"வேண்டாம் என்றுதானே சொன்னேன்?" என்று திகைத்தார்.

என் கணவர், துரோகி, எல்லாவற்றையும் பிரெஞ்சில் போட்டு உடைத்தார். "எங்களிடம் முதல் 'வேண்டாம்' செல்லாது. இவ பகல் வேலையை வேண்டாமென்றதும் அப்படித்தான்." மேற்பார்வையாளர் என்னையே பார்த்தார். வெட்கத்தில் நான் சம்பல் கிண்ணத்தைப் பார்த்தேன்.

பனி தொடங்கிய வாரத்தில் மறுபடி ஓர் இடம் வந்தது. இந்த முறை முந்திக்கொள்வதென்று குளியலறையில்கூட 'ஓம், வேண்டும்' என்று சொல்லிப் பழகியிருந்தேன். அவர் வந்து கேட்டதும் என் பாழாய்ப்போன வாய் என்ன சொன்னது தெரியுமா? "பரவாயில்லை, வேறு யாருக்காவது..."

நாக்கைக் கடித்துக்கொண்டு, பிஸ்கட் பெட்டியின்மேல் கையை ஊன்றியபடி நின்றேன்.

"அதெல்லாம் இல்லை, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வருவீர்கள்" என்று சொல்லி, என் விரல்களுக்கு அடியால் பகல் வேலைச் சீட்டைச் செருகிவிட்டுப் போனார்.